காய்க்கும் காலமும் குடியிருக்கும் காலமும்

தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான். பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பது நம் முன்னோர் சொல்லிச் சென்ற பழமொழி. மரத்தின் பருவத்தை, அதை நட்டவனின் வாழ்நாளைக் கொண்டு அளக்கும் பழமொழி இது. இதனை வகுப்பில் விளக்கும்போதெல்லாம் என் உள்ளத்தில் ஒரு வினா எழுவதுண்டு. கடல் கடந்து மலாயாவுக்கு வந்து தோட்டப்புறங்களில் குடியேறிய நம் மக்கள் எந்த மரத்தை வைத்தார்கள்? ஏன் அதை வைத்தார்கள்?

விடை நம்மில் பலருக்கும் தெரிந்ததுதான். பப்பாளி, வாழை, கொய்யா ஆகியவற்றோடு கறிக்கு ஒரு முருங்கை, தாளிக்க ஒரு கறிவேப்பிலை. தோட்டத்து லயன் வீடுகளின் பின்புறத்தில் வளர்ந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டே இந்தப் பட்டியலைச் சொல்லிவிடுவார்கள். "இவையெல்லாம் தாமாக வளரும் மரங்கள், பாடுபடத் தேவையில்லை. அதனால் நட்டார்கள்" என்று காரணமும் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். மீதிப் பாதி நம் சமுதாய வரலாற்றுக்குள் இருக்கிறது. அதைப் பற்றித்தான் ஆசிரிய நண்பர்களோடும் பெற்றோர்களோடும் இக்கட்டுரையில் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

முக்கனியும் புதுக்கனியும்

மா, பலா, வாழை மூன்றும் தமிழர்க்கு முக்கனி. இவற்றுள் வாழை தென்கிழக்காசியாவிலும் நியூகினித் தீவிலும் மனிதரால் முதன்முதலில் பயிராக்கப்பட்டது என்று ஆய்வாளர் கூறுவர். அவ்வகையில், வாழை நடுவதற்கு நம்மவர் இந்நாட்டுக்கு வந்தது வாழையின் தாயகத்தருகே வந்ததாகவே கொள்ளலாம். மாவின் கதை வேறு. அது நம் சொல்லையும் உடன் கொண்டு வந்தது. மலாய்மொழியின் 'மங்கா' என்ற சொல் நம் 'மாங்காய்' என்பதிலிருந்து பிறந்தது. வடமாநிலங்களில் மலாய்க்காரர் வழங்கும் 'மெம்பெலாம்' என்ற சொல்லோ 'மாம்பழம்' என்பதன் திரிபு. நம் தொழிலாளர்கள் கப்பலேறி வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே தமிழ் வணிகரின் வழியாக இச்சொற்கள் இங்கு வந்து சேர்ந்துவிட்டன.

பப்பாளியும் கொய்யாவும் அப்படிப்பட்டவையல்ல. இரண்டும் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளைச் சேர்ந்தவை. சங்க இலக்கியத்தில் இவற்றைத் தேடினால் கிடைக்கா. மாணவர்க்கு இதைச் சொல்லும்போது அவர்கள் வியப்பதைக் கண்டிருக்கிறேன். பப்பாளியை ஸ்பானியர் 16ஆம் நூற்றாண்டில் பிலிப்பைன்ஸ் தீவுகளுக்குக் கொண்டு வந்தனர். அங்கிருந்து அது போர்த்துக்கீசியர் 1511இல் கைப்பற்றிய மலாக்காவுக்கு வந்து, பின் இந்தியாவுக்குச் சென்றது. 1596இல் நூல் வெளியிட்ட டச்சுப் பயணி லின்ஸ்கோட்டன் இவ்வழியைக் குறிப்பிட்டுள்ளார். அதாவது, தமிழகத்துப் பப்பாளியின் முன்னோர் மலாக்கா வழியாகச் சென்றிருக்க வேண்டும். தமிழகத்திலிருந்து பாட்டி முந்தானையில் விதை முடிந்து கொண்டு வந்ததாகச் சில குடும்பங்களில் கதை உண்டு. அப்படி வந்திருந்தால், அது தாய்வீட்டுக்குத் திரும்பி வந்த விதை என்றே சொல்ல வேண்டும்!

நேரமில்லாதவனின் மரம்

இரப்பர்த் தோட்டத்தின் ஒருநாள் வாழ்க்கையை எண்ணிப் பாருங்கள். பொழுது விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுக்க வேண்டும். இருள் பிரியும்போது மரம் சீவத் தொடங்கி, வெயில் ஏறுமுன் சீவி முடிக்க வேண்டும். பின்னர்ப் பால் எடுத்து, வாளிகளைக் காண்டாவில் சுமந்து, ஸ்டோரில் எடை போட்டுவிட்டு வீடு திரும்பும்போது நண்பகல் கடந்துவிடும். கணவனும் மனைவியும் இருவருமே வேலைக்குச் சென்றனர். கைக்குழந்தைகள் ஆயாக் கொட்டகையில் கிடந்தன. இந்த வாழ்க்கையில் மரத்துக்கென்று ஒதுக்க எத்தனை நாழிகை எஞ்சும்?

ஆகவே, மரம் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்கேற்ப நம் பாட்டிமார் செய்த ஏற்பாடுகள் எளிமையானவை, ஆனால் கூர்மையானவை. வாழைக்கன்றைக் குளிக்கும் இடத்தின் தண்ணீர் ஓடும் வழியில் வைத்தார்கள். குடும்பம் குளித்தால் வாழையும் குளிக்கும். தனியே நீர் ஊற்ற வேண்டியதில்லை. பப்பாளி விதையை அடுக்களைக்குப் பின்னால் மேட்டில் எறிந்தார்கள். அரிசி கழுவிய நீரும் விறகடுப்புச் சாம்பலும் காய்கறித் தோலும் அதற்குப் போதும். மேட்டில் எறிந்ததிலும் காரணம் இருந்தது. பப்பாளியின் வேர் தேங்கிய நீரில் இரண்டு மூன்று நாள்கள் நின்றாலே அழுகத் தொடங்கிவிடும்.

தமிழகத்து உழவனுக்கு ஆடிப்பட்டம் என்று ஒரு காலம் உண்டு. ஆண்டு முழுவதும் மழை பெய்யும் இந்நாட்டில் பட்டம் பார்க்க வேண்டிய தேவை இல்லை. ஊர்மாறி வந்த மக்கள் மரம் வளர்க்கும் அறிவையும் புதிய மண்ணுக்கேற்ப மாற்றிக்கொண்டனர். எழுத்தறிவு குறைந்திருந்த அவர்கள் செய்ததும் வேளாண் ஆராய்ச்சிதான். அதற்கு அவர்கள் அந்தப் பெயரைச் சூட்டவில்லை, அவ்வளவே.

நிலம் யாருடையது?

இனி மீதிப் பாதிக்கு வருவோம். தோட்டத்துக்கு அருகிலிருந்த மலாய்க் கம்பங்களில் டுரியான், ரம்புத்தான், மங்குஸ்தீன், லங்சாட் ஆகியவை ஓங்கி வளர்ந்திருந்தன. அத்தகைய பழத்தோப்பை மலாய்மொழியில் 'டூசுன்' என்பர். அங்கும் மரங்களுக்குப் பெரும்பாடு படுவதில்லை. காலம்தான் அவற்றுக்கு எரு. விதையிலிருந்து முளைத்த டுரியான் காய்க்க ஏழு முதல் பத்து ஆண்டுகள் ஆகலாம். மங்குஸ்தீனுக்கும் ஏறத்தாழ அவ்வளவு காலம் வேண்டும். தாத்தா நட்டார், தந்தை காத்தார், பேரன் தின்றான் என்பதே அம்மரங்களின் இயல்பு. உழைப்பு குறைவுதானே, நம்மவரும் நட்டிருக்கலாமே?

நடவில்லை. நான் வளர்ந்த தோட்டத்தில் ஏறத்தாழ முப்பது வீடுகள் வரிசையாக இருந்தன. எந்த வீட்டின் பின்னாலும் டுரியான் மரம் இருந்ததாக எனக்கு நினைவில்லை. காரணம், அந்த வீடு நம்முடையதன்று. அந்த மண்ணும் நம்முடையதன்று. வேலை இருக்கும் வரையில்தான் வீடு. வேலை போனால், அல்லது கிராணியோடும் தண்டலோடும் மனத்தாங்கல் வந்தால், மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். நட்ட மரத்தைத் தலையில் சுமந்து செல்ல முடியுமா?

இது வெறும் அச்சமன்று. 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தில் இரப்பர் விலை வீழ்ந்தபோது, 1930 முதல் 1932 வரையிலான காலத்தில் மட்டும் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். விலை ஏறியபோது மீண்டும் ஆள் எடுத்தார்கள். 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற குடிப்பெயர்வைத் தடை செய்தது. வருவதும் போவதும் பிறர் கையில் இருந்த மக்களுக்குப் பத்தாண்டுக் கணக்கில் சிந்திக்க எவ்வாறு இயலும்?

பப்பாளியோ எட்டு, பத்து மாதங்களில் பழம் தரும். வாழை ஏறத்தாழ ஓராண்டில் தார் தள்ளும். கொய்யா விதையிலிருந்து வந்தாலும் இரண்டு மூன்று ஆண்டுகளில் காய்த்துவிடும். நிலத்தில் உரிமையில்லாதவன், தான் குடியிருக்கப்போவது உறுதியாகத் தெரிந்த காலத்துக்குள் காய்க்கும் மரத்தையே தேர்ந்தெடுத்தான். காய்க்கும் காலம் குடியிருக்கும் காலத்துக்குள் அடங்க வேண்டும். அதுவே லயத்துத் தோட்டக்கலையின் எழுதாத விதி என்பது என் கருத்து.

இவ்விதிக்கு ஒரு விலக்கும் உண்டு. அதுவே என் கருத்துக்கு வலுவும் சேர்க்கிறது. எங்கள் தோட்டத்தில் மாமரம் இருந்தது. ஆனால் அது மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் இருந்தது. பலாமரம் தமிழ்ப்பள்ளியின் வேலியோரம் நின்றது. தன் வீட்டுப் பின்புறத்தை நம்பாத மனிதன், கோயிலும் பள்ளியும் நிலைத்திருக்கும் என்று நம்பினான். நீண்டகால மரத்தை அங்கே கொண்டுபோய் நட்டான். தோட்டத்துப் பள்ளிகளில் பணிபுரிந்த ஆசிரியர்கள் பலருக்கு இக்காட்சி நினைவிருக்கும்.

பசியின் ஆண்டுகள்

பின்புற மரங்கள் வெறும் தின்பண்டமாக இல்லாத காலங்களும் வந்தன. மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதியைப் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் இறக்குமதி செய்தே உண்டது. முதல் உலகப்போர் முடிந்த பின், 1919ஐ ஒட்டி அரிசித் தட்டுப்பாடு கடுமையானபோது, இரப்பர் மட்டுமே வளர்க்கும் நாடு பட்டினி கிடக்க நேரிடும் என்பது ஆட்சியாளருக்குப் புரிந்தது. பின்வந்த ஆண்டுகளில், தொழிலாளர் காய்கறி பயிரிடச் சிறு துண்டு நிலம் ஒதுக்கும் வழக்கம் தோட்டங்களில் பரவியது.

அதன் அருமை ஜப்பானியர் காலத்தில் விளங்கிற்று. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது முதல் 1945 வரை அரிசி வரத்து ஏறத்தாழ அற்றுப்போனது. இரப்பரை வாங்குவாரில்லை. வலுவுள்ள ஆண்களில் பல்லாயிரவர் சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர், திரும்பாதோர் பலர். தோட்டத்தில் எஞ்சிய பெண்களையும் குழந்தைகளையும் காத்தவை மரவள்ளிக் கிழங்கும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் லயத்துப் பின்புற மரங்களும்தாம். பப்பாளியைப் பழுக்க விடாமல் காயாகவே பறித்துக் கறி சமைத்தார்கள். வாழையில் பூ, காய், தண்டு எதையும் விடவில்லை. அந்நாள்களைக் கண்ட முதியவர்களிடம் நான் இளமையில் பேசியிருக்கிறேன். பப்பாளிக்காயைக் காட்டினால் சிலர் முகம் சுளிப்பார்கள். சிலர் கையெடுத்துக் கும்பிடுவார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்.

மரம் மட்டும் நின்றது

விடுதலைக்கு முன்னும் பின்னுமாக, 1950களிலும் 1960களிலும், ஐரோப்பிய நிறுவனங்களின் தோட்டங்கள் பல துண்டாடி விற்கப்பட்டன. வாங்கியவர்கள் வேறு, வெளியேறியவர்கள் நம்மவர்கள். இச்சூழலில்தான் துன் வீ.தி. சம்பந்தன் அவர்களின் முயற்சியால் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தொழிலாளர்கள் தம் கூலியிலிருந்து சிறுகச் சிறுகப் பங்குப்பணம் கட்டித் தோட்டங்களை வாங்கினர். மரம் சீவியவர் மண்ணில் பங்குடையவர் ஆகலாம் என்ற எண்ணமே அன்று புதிது.

ஆயினும் பெரும்பாலோரின் கதை வேறாக முடிந்தது. இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு ஆள் குறைவாகவே தேவைப்பட்டது. பின்னர்ச் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்களும் நெடுஞ்சாலைகளும் வந்தன. லயங்கள் இடிக்கப்பட்டன. நம் மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். ஐந்தாம் மாடியில் பப்பாளி விதையை எங்கே எறிவது?

பழைய தோட்டங்களின் வழியே பயணம் செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள். செம்பனை வரிசைகளின் நடுவே காரணமின்றி ஒரு மாமரமோ, இரண்டு தென்னைகளோ, ஒரு கொய்யாப் புதரோ நிற்கும். நிறுவனம் அதை நடவில்லை. அங்கே ஒரு லயம் இருந்தது. ஒரு கோயில் இருந்தது. ஒரு பள்ளி இருந்தது. நம்மவரின் குடியிருப்புகளுக்கு நிலப்பத்திரம் இல்லை. பல இடங்களில் புகைப்படமும் இல்லை. அந்த மரம்தான் பத்திரம்.

ஒட்டுக்கத்தி சுருக்கிய காலம்

இதற்கிடையில் மரங்களின் காலமும் சுருங்கத் தொடங்கியிருந்தது. 1910களில் ஜாவாவில் இரப்பர் மரத்துக்கு மொட்டு ஒட்டும் முறை உருவாகி, பின்னர் மலாயாத் தோட்டங்களுக்கும் பரவியது. ஒட்டுக்கட்டுதல் தோட்டத்தில் ஒரு தனித்தொழிலாயிற்று. பகலெல்லாம் நிறுவனத்துக்காக இரப்பர்க்கன்றில் ஒட்டுக்கட்டிய கை, மாலையில் ரம்புத்தானில் அதே வெட்டை வெட்டிப் பார்த்தது. அத்தகைய கைவன்மை உடையவர்களை நான் கண்டிருக்கிறேன். பட்டையைச் சதுரமாக உரித்து, மொட்டைப் பொருத்தி, நாடாவால் சுற்றிவிட்டு, "மூன்று வாரம் தொடாதே" என்பார்கள்.

வேளாண்மைத் துறை 1934 முதல் நல்ல பழவகைகளைப் பதிவு செய்யத் தொடங்கியது. நாமறிந்த டி24 டுரியான் 1937இல் பதிவானது. 1969இல் தோன்றிய மார்டி எனப்படும் மலேசிய வேளாண்மை ஆராய்ச்சி மேம்பாட்டுக் கழகம், ஹவாய்த் தீவின் பப்பாளியையும் நம் நாட்டுச் சுபாங் வகையையும் கலந்து 1987இல் 'எக்சோட்டிக்கா' பப்பாளியை வெளியிட்டது. விதையில் ஆறேழு ஆண்டுகள் எடுக்கும் மா, ஒட்டுக்கன்றில் மூன்று நான்கு ஆண்டுகளிலேயே காய்க்கிறது. டுரியானும் ஒட்டுக்கன்றில் ஐந்து ஆண்டளவில் காய்க்கக் கூடும். பாட்டிமார் காலத்தில் பத்தாண்டு நம்பிக்கை தேவைப்பட்ட மரத்துக்கு இன்று அதில் பாதி போதும்.

அரசும் அவ்வப்போது வீட்டுத் தோட்டத்தை ஊக்குவித்துள்ளது. உணவுப்பொருள் விலையேற்றத்தை ஒட்டி 1974இல் அறிவிக்கப்பட்ட பச்சைப் புத்தகத் திட்டம் மூத்தோர் பலருக்கு நினைவிருக்கும். 2020 மார்ச்சு 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கி வீட்டிலேயே அடைபட்டபோதும் பலர் மீண்டும் மண்ணைக் கிளறினர். பசி வரும்போதும் அச்சம் வரும்போதும் பின்புறம் நினைவுக்கு வருகிறது; மற்ற நாள்களில் மறந்துவிடுகிறோம்.

இன்று என்ன நடலாம்?

இன்றும் நம் பெற்றோர்கள் நேரமில்லாதவர்கள்தாம். ஆனால் பலர், கடன் கட்டியேனும், சொந்த வீட்டில் வாழ்கிறார்கள். அவர்களுக்குச் சில எளிய யோசனைகள்:

1. தரை வீட்டின் ஓரத்தில் கையகல மண் இருந்தால் ஒரு பப்பாளி. மண்ணைச் சற்று மேடாக்கி, ஒரே குழியில் மூன்று நான்கு கன்றுகளை விடுங்கள். பூத்த பின், நீள் பழம் தரும் இருபால் பூவுடைய கன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கிவிடுங்கள். 2003 முதல் நம் நாட்டுப் பப்பாளிகளைத் தாக்கிய நுனிக்கருகல் நோய் தென்பட்டால், அம்மரத்தை அப்புறப்படுத்திவிட்டு வேறிடத்தில் புதிய கன்று வையுங்கள்.

2. கொய்யாவுக்கு விதை வேண்டாம். பதியன் கன்று வாங்குங்கள். ஓரிரு ஆண்டில் காய்க்கும். கைக்கு எட்டும் உயரத்தில் கிளையை வெட்டிவிட்டால் போதும். பிஞ்சு எலுமிச்சை அளவு ஆனதும் தாளால் பை கட்டினால் பழ ஈ அண்டாது, மருந்தும் தேவையில்லை.

3. அடுக்குமாடியில் வெயில் படும் இடம் இருந்தால் தொட்டியில் கஸ்தூரி எலுமிச்சை. தொட்டியின் அடித்தட்டில் நீர் தேங்க விடாதீர்கள். ஏடிஸ் கொசுவுக்கு அதுவே போதும்.

4. நிலம் சொந்தமானால், அக்கம்பக்கத்தாருக்கும் சாக்கடைக்கும் இடையூறில்லாத இடமும் இருந்தால், ஒட்டு மா அல்லது ஒட்டு ரம்புத்தான் ஒன்று. முதல் ஓராண்டு நீர் ஊற்றி, அடிமரத்தைச் சுற்றிக் காய்ந்த இலைகளை மூடாக்காக இடுங்கள். பிறகு இந்நாட்டு மழை பார்த்துக்கொள்ளும்.

நான்காவது யோசனையைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பப்பாளி நல்ல மரம். நம்மைக் காத்த மரம். ஆனால் அதை மட்டுமே நடும் பழக்கம், நாளை இங்கிருப்போமா என்று தெரியாத காலத்தில் நமக்குள் ஊறியது. சொந்த வீட்டுக்கு வந்த பின்னும் வாசல் முழுவதும் சிமெண்டு பூசிவிட்டு வாழும் குடும்பங்களைக் காண்கிறேன். குடியிருக்கும் காலம் நீண்டுவிட்டது. மனமோ இன்னும் மூட்டை கட்டிய நிலையிலேயே இருக்கிறது.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பள்ளி விடுமுறையில் மாணவர்களுக்கு ஒரு பணி கொடுங்கள். "உன் தாத்தா பாட்டி வாழ்ந்த வீட்டின் பின்புறத்தில் என்னென்ன மரங்கள் இருந்தன? யார் நட்டார்? அந்த இடம் இன்று என்னவாயிற்று?" இம்மூன்று வினாக்கள் போதும். ஒரு பக்கத்தில் எழுதி வரட்டும். நம் தோட்டங்களின் பெயர்களே மறைந்துவரும் வேளையில், அப்பக்கங்கள் ஒரு பள்ளியின் வரலாற்றுக் கருவூலமாகும். சொல்லக்கூடியவர்கள் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்பதை மறவாதீர்கள்.

அப்படியே பள்ளி வளாகத்திலும் ஒரு மாங்கன்றை நட்டுவையுங்கள். இன்று முதலாம் ஆண்டில் படிக்கும் மாணவன் ஆறாம் ஆண்டை முடிப்பதற்குள் அதன் பழத்தைச் சுவைத்துவிடுவான். காய்க்கும் காலமும் கற்கும் காலமும் ஒத்துவரட்டும்.

வாழ்க தமிழ்! வளர்க தமிழ்ப்பள்ளி!